அண்ணே, இந்த வியாழக்கிழமை நீங்கள் ஜிப்மருக்கு வர வேண்டாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ மாப்பிள்ளையைப் பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. கடலூரில் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கம், ஆலை விபத்தில் அடிபட்ட குடும்பங்களுக்காக உங்களைப் போலவே ஓடிக்கொண்டிருக்கும் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும். உங்கள் பெயரையும் ஆலையின் பெயரையும் எழுதவில்லை.

போன மாதம் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் நடந்ததை இரண்டு பேருமே மறக்கவில்லை. விபத்தில் அடிபட்ட அந்தப் பையனின் அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் கையை உருவிக்கொண்டு, "உன் பையன் உயிரோட இருக்கான் இல்ல? அதுக்குச் சந்தோஷப்படு" என்றீர்கள். அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டி, தவளக்குப்பம் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். கன்னியக்கோயில் வந்தபோது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "என் மனசு கல்லாயிடுச்சும்மா. அந்தம்மா அழுதப்ப எனக்கு எதுவுமே தோணல. எரிச்சல்தான் வந்துச்சு. நான் இப்படிப்பட்ட ஆளா?"

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். இல்லை அண்ணே, நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. உங்களுக்கு அடிபட்டிருக்கிறது. அது வெளியே தெரியாததால் நாங்கள் யாரும் கட்டுப் போடவில்லை.

நான் செவிலியர் வேலை பார்ப்பவள் என்பதால் இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதைப் பரிவுச் சோர்வு என்கிறார்கள். 1992இல் கார்லா ஜாய்ன்சன் என்பவர், எங்களைப் போன்றவர்கள் படிக்கிற ஓர் இதழில் இதைப் பற்றி எழுதினார். அவசரப் பிரிவில் வேலை செய்யும் நல்ல செவிலியர்களே ஒரு கட்டத்துக்கு மேல் இரக்கம் வற்றி நிற்பதைப் பார்த்து எழுதியது அது. பிறகு 1995இல் சார்லஸ் ஃபிக்லி இதைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களின் மனதை ஆராய்ந்தவர்.

வேலைப் பளுவில் ஓய்ந்துபோவது வேறு. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், லீவு கிடைத்தால் கொஞ்சம் இறங்கும். இதுவோ அடுத்தவர் பட்ட பயம் நமக்குள் வந்து குடியேறுவது. அண்ணி என்னிடம் சொல்லிவிட்டார். வீட்டில் கருவாடு சுடக் கூடாது என்கிறீர்களாம். ஷிஃப்ட் சங்கு ஊதினால் கையில் இருக்கும் டம்ளர் ஆடுகிறதாம். விடியற்காலை மூன்று மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்களாம். விபத்து நடந்த அந்த நைட் ஷிஃப்டில் நீங்கள் இல்லை, உங்களுக்கு வார விடுமுறை. ஆனால் அந்த ரசாயன ரியாக்டர் பக்கத்தில் நின்றவர்களுக்கு என்னென்ன வருகிறதோ, என் வீட்டுக்காரருக்கு என்னென்ன வந்ததோ, அத்தனையும் உங்களுக்கும் வந்திருக்கிறது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்க் கையேட்டை 2013இல் திருத்தியபோது, வேலையின் பொருட்டு ஒரு கொடுமையின் விவரங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கவும் கேட்கவும் நேர்கிறவர்களுக்கும் அதே அதிர்ச்சி நோய் வரலாம் என்று எழுதினார்கள். இறந்தவர்களின் உடல் எச்சங்களைச் சேகரிப்பவர்களை அதற்கு உதாரணமாகக் காட்டினார்கள். அண்ணே, மார்ச்சுவரியில் மூன்று பேரையும் அடையாளம் காட்டியது நீங்கள்தான். வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டாம் என்று எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு, தனியாக உள்ளே போனீர்கள்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அந்த இரவு எப்படி நடந்தது என்பதை எத்தனை மேஜைகளுக்கு முன்னால் நின்று சொன்னீர்கள்? போலீஸ் கேட்டது, தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டார், தொழிலாளர் காப்பீட்டு இஎஸ்ஐ ஆபீஸ் கேட்டது. வாரிசுச் சான்றிதழுக்குப் போனால் தாலுகா ஆபீஸில் "என்ன ஆச்சு?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இஎஸ்ஐ-யில் பெயரே இல்லாத கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இழப்பீடு கேட்டுப் போனபோது வக்கீல் கேட்டார், தொழிலாளர் துறை கேட்டது. அந்தப் பெண்களால் சொல்ல முடியாது, சொல்ல ஆரம்பித்தாலே மயங்கி விழுவார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் நீங்களே சொன்னீர்கள். எந்த வால்வு, எத்தனை மணி, யார் முதலில் ஓடிவந்தது, எப்படி ஓடிவந்தார் என்று நிறுத்தி நிதானமாக. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறை கேட்டார்கள். நீங்கள் அத்தனை முறையும் அங்கே போய் வந்தீர்கள்.

இது உங்கள் வேலையே இல்லை என்பதுதான் என்னை ஆற விடாமல் செய்கிறது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அதைவிடச் சின்ன ஆலைகளுக்கு அந்தச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. அங்கே ஒரு விபத்து என்றால் ஓடுவதற்கு யூனியனில் இருக்கிற ஓர் ஆள்தான், அதுவும் தன் ஷிஃப்ட் முடிந்த பிறகு, தன் பெட்ரோலில். ஆலை செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். ஆலை நிம்மதியாக இருந்துவிட்டது.

ஆலையை மட்டும் சொன்னால் நியாயமில்லை. இரவு 11 மணிக்கு மேல் உங்களுக்கு வரும் போன்களில் என்னுடையதும் உண்டு. இவர் தூக்கத்தில் கத்தும்போதெல்லாம் உங்களைத்தான் கூப்பிட்டேன். முதல் ஆறு மாதம் அநேகமாகத் தினமும். நீங்கள் ஒரு தடவைகூட எடுக்காமல் இருந்ததில்லை. "இருக்கேன்மா, சொல்லு" என்பீர்கள். அந்த "இருக்கேன்மா"வைப் பிடித்துக்கொண்டுதான் நான் மீண்டேன். மீண்ட பிறகாவது உங்களைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணே.

ஓய்வெடுங்கள் என்று சொல்லப் போவதில்லை. போன் அடித்துக்கொண்டிருக்கும்போது யாராலும் ஓய்வெடுக்க முடியாது. அதனால் நாங்களே சிலவற்றைச் செய்துவிட்டோம். உங்களைக் கேட்காமல் செய்தோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இரவு நடந்தது முழுவதையும் இவர் சொல்லச் சொல்ல நான் எழுதிவிட்டேன், நாலு பக்கம். பார்த்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இருபது நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இனி எந்த ஆபீஸில் கேட்டாலும் தாளை நீட்டுங்கள், வாயைத் திறக்க வேண்டாம். செவ்வாய், வெள்ளி இரவுகளில் உங்கள் போன் எங்கள் வீட்டில் இருக்கட்டும். யார் கூப்பிட்டாலும் நான் பேசுகிறேன். நடுராத்திரியில் என்னாலும் முடியாது என்றால் 14416 இருக்கிறது. அரசாங்கத்தின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அந்த நம்பரை எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒன்று. மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு இவரைக் கூட்டிப் போனபோது, வெளியே பெஞ்சில் எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தீர்கள். அதே டாக்டரிடம் இந்த முறை நீங்கள் உள்ளே போக வேண்டும். பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். அண்ணியிடம் பேசிவிட்டேன். எந்த நாள் என்று நீங்கள் சொன்னால் போதும்.

அந்தப் பையனின் அம்மாவிடமும் பேசினேன். அவர் கோபமாக இல்லை. "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? முகமே ஒரு மாதிரி இருந்துச்சே" என்றுதான் கேட்டார்.

இந்த வியாழக்கிழமை பையனுக்கு டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். காலை ஏழு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் நிற்பார். கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, ஆனால் பையைத் தூக்க முடிகிறது. அந்த வலி என்னவென்று அவருக்குத் தெரியும், பையனிடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் வர வேண்டாம்.

உங்கள் தங்கை