கோடையில் கஞ்சி வாளியைக் குறையுங்கள்

ஆசிரியருக்கு,

கத்திரி வெயில் பிறந்ததும் மாட்டுக்கு நிழல் கட்டுங்கள், தண்ணீர் வையுங்கள் என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. சரிதான். ஆனால் வெயில் மாட்டின் வயிற்றுக்குள் செய்யும் வேலையை யாரும் எழுதுவதில்லை.

கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும். அதிலுள்ள பைகார்பனேட்தான், தீவனம் நொதிக்கும் முதல் வயிற்றின் புளிப்பைத் தணிக்கிறது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் வாயைத் திறந்து இரைக்கும்போது எச்சில் தரையில் ஒழுகி வீணாகிறது. இரைப்பில் கரியமில வாயு அதிகம் வெளியேறுவதால், ரத்தத்தைச் சமன்செய்யச் சிறுநீரகமும் பைகார்பனேட்டைக் கழித்துவிடும். மிஞ்சும் எச்சிலுக்கும் வலு இருக்காது.

வெயிலில் மாடு முதலில் ஒதுக்குவது சோளத் தட்டும் வைக்கோலும். உடனே அசை போடுவதும், அதனால் எச்சில் ஊறுவதும் குறையும். வயிற்றின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; எண் இறங்கினால் புளிப்பு ஏறும்) 6-க்குக் கீழே போனால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் ஒடுங்கி, மாவைத் தின்று லாக்டிக் அமிலம் சுரக்கும் கிருமிகள் பெருகும். பால் கொழுப்புக்கு மூலப்பொருளான அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் நாரிலிருந்துதான் கிடைக்கிறது. அது குறைந்தால் கொழுப்பும் இறங்கும்.

இந்த நேரம் பார்த்து, "மாடு தின்ன மாட்டேங்குது" என்று சோறு, அரிசிக் கஞ்சி, மக்காச்சோள மாவு என வாளி வாளியாக வைக்கிறார்கள். கெடுவதே இங்கேதான். சாணம் இளகி, நுரைத்து, புளித்த வாடையடித்தால் சந்தேகப்படுங்கள். அசை போடும் மாடு ஒரு கவளத்தை 50, 60 தடவை மெல்ல வேண்டும். 40-க்குக் கீழே என்றால் நார் போதவில்லை.

தீவனம் நொதிக்கும் சூடு, தின்று சில மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வரும். 9 மணிக்கு வைத்த தீவனத்தின் சூடும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேரும். அதனால் காலை 6-க்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் தீவனம் வையுங்கள்; உலர்தீவனத்தில் பெரும்பங்கு இரவுக்கு. தட்டை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கினால் போதும், பொடியாக்கினால் மாட்டுக்கு மெல்ல வேலை இருக்காது. 5 கிலோ அடர்தீவனத்துக்கு 50 கிராம் சமையல் சோடா (இதுவும் பைகார்பனேட்தான்), இரு வேளையாகப் பிரித்துத் தீவனத்தில் கலக்கவும். தண்ணீரில் கரைத்து வைத்தால் சில மாடுகள் குடிப்பதையே குறைத்துவிடும். அசையே நின்று, வயிறு உப்பிக் கிடக்கும் மாட்டுக்குச் சோடா வைத்தியம் பார்க்காமல் மருத்துவரை அழையுங்கள்.

பால் சங்கங்களுக்கும் ஒன்று. பாலில் தண்ணீர் கலந்தால் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) சேர்ந்தே இறங்கும். கோடையில் கொழுப்பு மட்டும் சரிந்தால், விலையைக் குறைப்பதோடு நிற்காமல் மாட்டுக்கு என்ன தீவனம் வைக்கிறார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். தீவன மூட்டை விற்கும் இடத்திலேயே ஏப்ரல் முதல் ஜூன் வரை சோடாவும் தாது உப்புக் கலவையும் கிடைக்கச் செய்யலாம்.

இப்படிக்கு,
கால்நடைத் தீவன ஆலோசகர்,
நாமக்கல் மாவட்டம்