குழந்தைகள் பகுதியில் எங்களுக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வலையொலி (பாட்காஸ்ட்) பட்டியலில் எங்கள் நிகழ்ச்சிக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள், நன்றி. அறிவியல் புனைகதைகளையும் மிகைபுனைவுகளையும் பற்றிப் பேசும் எங்களை 'குழந்தைகளுக்கு' என்ற தலைப்பின் கீழ், தாலாட்டுக்கும் விடுகதைக்கும் நடுவே உட்கார வைத்திருந்தீர்கள். போதாதற்கு, "ரோபோ, பறக்கும் தட்டு என்று பொடிசுகளைக் குஷிப்படுத்தும்" என்று ஒரு வரி வேறு. அதை எழுதியவர் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டாரா என்ற சந்தேகமே எனக்கு இல்லை. கேட்கவில்லை.

அந்த வாரம் நாங்கள் வெளியிட்டிருந்தது, விண்கலத்தில் உணவு தீர்ந்துபோனதும் யாரை முதலில் கொல்வது என்று பயணிகள் வாக்கெடுப்பு நடத்தும் கதையைப் பற்றிய உரையாடல். உங்கள் பட்டியலை நம்பிப் பையனோடு உட்கார்ந்து கேட்ட ஒரு தாய் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலை இங்கே அப்படியே தர முடியாது. பையன் அன்றிரவு சாப்பிடவில்லையாம்.

இது புதிதும் அல்ல. எதிர்காலத்தில் நடக்கும் நாவல் ஒன்று வந்தால் உங்கள் மதிப்புரைப் பகுதியில் அதற்குக் கிடைப்பது ஓரத்தில் ஒரு பெட்டி. அதையே பெரிய பெயருள்ள எழுத்தாளர் எழுதிவிட்டால் 'சமகாலத்தின் உருவகம்' ஆகி முழுப் பக்கம் எடுத்துக்கொள்கிறது. 1938-ல் எச்.ஜி.வெல்ஸின் நாவலில் பூமியைத் தாக்கும் செவ்வாய்வாசிகளை அமெரிக்க நாடகக் கலைஞர் ஆர்சன் வெல்ஸ் செய்தி அறிக்கை போல வானொலியில் இறக்கியபோது மிரண்டுபோய்க் காவல்துறைக்கு போன் போட்டவர்கள் பொடிசுகள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? டக்ளஸ் ஆடம்ஸின் அண்டவெளிக் கூத்தான 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' 1978-ல் பிபிசி வானொலியில் ஒலித்துவிட்டு அடுத்த வருடம்தான் புத்தகமானது. 2010-ல் ஸ்டார்ஷிப்சோஃபா என்ற வலையொலி, அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதே வாங்கிவிட்டது. 2012-லிருந்து ரசிகர்களின் ஒலி, ஒளி நிகழ்ச்சிகளுக்கு அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கெல்லாம் யாரும் தொட்டில் கட்டி வைக்கவில்லை.

அப்புறம், சில மாதங்களுக்கு முன் "ஒரு மைக்கும் ஓய்வு நேரமும் போதும்" என்று வலையொலி பற்றி ஒரு கட்டுரை போட்டீர்கள். ஓய்வு நேரம்! சென்ற மாதம் வந்த விருந்தினர் நல்ல வாசகர்தான். ஆனால் பேச்சு சுவாரசியமானதும் பேனாவால் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். அதே வேகத்தில் நாவலின் கொலையாளி யார் என்பதையும் வாக்கியத்தின் நடுவில் போட்டு உடைத்துவிட்டார். அந்தப் பெயரை மட்டும் வெட்டினால் குரல் தொங்குகிறது. பேனாத் தட்டலோடு வெட்டினால் தாளம் பிசகுகிறது. கடைசியில் வேறோர் இடத்தில் அவர் விட்ட மூச்சை எடுத்து நடுவில் ஒட்டினேன். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

அதே கட்டுரையில் எங்களைப் போன்றவர்களின் பதிவிறக்க எண்ணிக்கையையும் கேலி செய்திருந்தீர்கள். ஒரே ஆள் ஒரே கருவியில் ஒரே அத்தியாயத்தை ஒரு நாளில் எத்தனை முறை இறக்கினாலும் ஒன்று என்றுதான் முறையான கணக்கு. 2023-ல் ஐபோன் வலையொலிகளைத் தானாக இறக்கி வைக்கும் முறையை மாற்றியதும் பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சரிந்தது. கேட்பவர் யாரும் போய்விடவில்லை, கேட்காமலே குவிந்துகொண்டிருந்தது நின்றது, அவ்வளவுதான். பத்திரிகை விற்பனைக்கும் இப்படியொரு கறாரான கணக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நான் கேட்கப் போவதில்லை.

நாங்கள் வளர்வது ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்பதால்தான். விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. அதனால் எந்தப் பிரிவில் பெயர் வருகிறது என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. ஆப்பிளின் வலையொலி அடைவில் 2019 முதல் புனைவுக்குத் தனிப் பிரிவும் அதற்குள் அறிவியல் புனைவுக்கு உட்பிரிவும் இருக்கின்றன. கதை சொல்பவர்கள் அங்கே போகிறார்கள், புத்தகங்களைப் பேசும் நாங்கள் 'நூல்கள்' பிரிவில் இருக்கிறோம். தேடிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் பட்டியலைப் பார்த்து வருகிறவர்கள் தாலாட்டை எதிர்பார்த்து வந்து, ஏமாந்து, ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்களைத் தேடுகிற பெரியவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

போன வருடம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் என்னிடம் நீண்ட பேட்டி எடுத்துக்கொண்டு போனார். அது என்ன ஆயிற்று என்று இப்போது கேட்டுப் பயனில்லை. சரி, விடுங்கள்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் எங்கள் நிகழ்ச்சியை 'நூல்கள்' தலைப்புக்கு மாற்றி ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அச்சில் இடமில்லை என்பீர்கள். இணையப் பதிப்பிலாவது இந்த வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
பட்டியலில் பதினோராவதாக இருக்கும் நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்