தொடும் முன் ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுவயதுக் கொடுமைகள் பற்றிய உங்கள் கட்டுரை குழந்தைகளோடு நின்றுவிட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து, முப்பது வயதில் ஆஸ்பத்திரிக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதையும் எழுத வேண்டும். பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

உள்பரிசோதனைக்குப் படுக்கச் சொன்னதும் சில பெண்கள் கால்களை இறுக்கிக்கொள்வார்கள். சிலர் மேலே பார்த்தபடி விறைத்துக் கிடப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. உடனே, "ஒத்துழைக்கவே மாட்டேங்குறா" என்று அடுத்த கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி திட்டு விழும். பயந்த உடம்பு இன்னும் இறுகும். எல்லோருக்கும் காரணம் பழைய கொடுமைதான் என்று சொல்ல வரவில்லை. யாருக்கு அது நடந்தது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. அதனால்தான் எல்லோரிடமும் பதமாக நடக்க வேண்டும் என்கிறேன்.

அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் அடி, வன்கொடுமை, வீட்டில் குடி என்று பலவற்றை அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் மட்டுமல்ல, இதய நோயும் அதிகம் என்று காட்டியது. ஆக, ஆஸ்பத்திரிக்கு அதிகம் வரப்போகிறவர்களே அவர்கள்தான். வந்த இடத்தில் மறுபடி அவமானப்பட்டால், அடுத்த முறை நோய் முற்றும்வரை வரமாட்டார்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம், குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், நம்பிக்கையானவர் கூட இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு அக்கறையோடு யோசித்து எழுதியிருக்கிறார்கள்! அதே பெண் வளர்ந்து வயிற்றுவலி என்று ஓ.பி.க்கு வந்தால் திரையை இழுத்துவிடக்கூட ஆளில்லை.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் சொல்லுங்கள். "தொடலாமாம்மா?" என்று கேளுங்கள். "வேண்டாம்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்று சொல்லி, தூக்கினால் நிஜமாகவே நிறுத்துங்கள். என் அனுபவத்தில், இப்படிக் கேட்டால் பரிசோதனை சீக்கிரமே முடிந்துவிடும். பழைய கதையைத் தோண்டிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களாகச் சொன்னால், நம்பிக் கேட்டு, மனநல மருத்துவரிடமோ அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்கோ வழிகாட்டினால் போதும்.

செவிலியர், மருத்துவ மாணவர் பாடத்தில் இதைச் செய்முறைப் பயிற்சியாகவே வைக்கும்படி சுகாதாரத் துறையை உங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர், மதுரை