மிரளும் ஆட்டை விரட்டிப் பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடு வளர்ப்பு பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். கொட்டகை, தீவனம், கடன், மானியம் என்று எல்லாம் வருகிறது. மிரளும் ஆட்டை எப்படிக் கைக்குப் பழக்குவது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. பயிற்சி வகுப்புகளிலும் சொல்வதில்லை. எங்களைப் போல நாலைந்து ஆடு வைத்துப் பிழைக்கும் பெண்களுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

2011-ல் விலையில்லா ஆடுகள் திட்டம் தொடங்கியபோது எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு நான்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. பின்னால் ஆதரவற்ற பெண்களுக்கு ஐந்து ஆடுகள் கொடுத்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் சந்தையிலிருந்து வண்டியில் ஏற்றி, புது ஊரில் இறக்கிவிட்ட ஆடு யாரைப் பார்த்தாலும் மிரளத்தானே செய்யும்? கயிற்றை அவிழ்த்ததும் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓடும். பையன்கள் கூச்சல் போட்டு விரட்டுவார்கள். கல்லெறிவார்கள். கடைசியில் பின்னங்காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வருவார்கள். அப்புறம் அந்த ஆடு ஆளைக் கண்டாலே சுவரில் ஏறப் பார்க்கும். "மேயப் போனா வீட்டுக்கே வர மாட்டேங்குது" என்று சொல்லி, எட்டயபுரம் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்ட அக்காமார்களை எனக்குத் தெரியும்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்து நாட்டு இனமான கன்னி ஆடு வளர்க்கிறேன். கொடி என்ற இன்னொரு இன ஆடும் கொஞ்சம் வைத்திருந்தேன். கொடி ஆடு நெட்டைக்கால், மிரண்டால் இடுப்பு உயர வேலியைத் தாண்டிவிடும். அதையும் பழக்கலாம். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

ஆட்டின் கண்ணைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். தலையைத் திருப்பாமலே சுற்றிலும் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துவிடும். நேர் பின்னால் கொஞ்ச இடம்தான் அதற்குத் தெரியாது. அந்தப் பக்கமிருந்துதான் நாம் பதுங்கிப் போய்க் காலைப் பிடிக்கிறோம். நரியும் நாயும் செய்கிற வேலை அது. ஆடு நம்மை வேறெப்படி நினைக்கும்?

புது ஆடு வந்ததும் மேய்ச்சலுக்கு விடாதீர்கள். சின்ன அடைப்புக்குள், ஏற்கெனவே பழகின சாதுவான ஆடு ஒன்றோடு சேர்த்து விடுங்கள். தனியாகக் கட்டினால் கத்திக் கத்தியே பயம் கூடிவிடும். பிறகு நீங்கள் உள்ளே போய் ஓர் ஓரமாகத் தரையில் உட்காருங்கள். நின்றால் அதற்கு நீங்கள் பெரிய ஆள். உட்கார்ந்து அரிசி புடையுங்கள், பூக் கட்டுங்கள், செல்போனில் பேசுங்கள். ஆட்டை உற்றுப் பார்க்க வேண்டாம். முதலில் அது முன்னங்காலால் தரையைத் தட்டும், மூக்கால் தும்முவதுபோல ஒரு சத்தம் கொடுக்கும். கண்டுகொள்ளாதீர்கள். நீங்கள் இருக்கும்போதே அது படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கைத்தீனி. உடை என்ற முள்மரத்துக் காய், அகத்திக் குழை, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, எது பிடிக்கிறதோ அது. உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். கடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல்லே கிடையாது. உதட்டால் துழாவித்தான் எடுக்கும். கையில் ஈரமும் குறுகுறுப்பும்தான் தெரியும். தின்னும்போது "இந்தா, இந்தா" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருங்கள், நாளைக்குக் காட்டில் அந்தக் குரலுக்குத்தான் திரும்பி வரும். தொடுவதென்றால் முதலில் நெஞ்சையும் கழுத்தடியையும் சொறிந்துவிடுங்கள். தலைக்கு மேலே கை கொண்டுபோனால் விலகும். காதையும் கொம்பையும் பிடித்து இழுக்கவே கூடாது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஆசை காட்டுகிறேன் என்று அரிசியையும் சோற்றையும் அள்ளி வைக்காதீர்கள். வயிறு புளித்து உப்பி, ஆடு செத்தே போகும். ஒரு பிடிக்கு மேல் வேண்டாம்.

தாய் மிரண்டால் குட்டியும் மிரளும். அதனால் குட்டி போட்ட முதல் சில நாட்களிலேயே குட்டிகளை மடியில் எடுத்து வைத்துக் கொஞ்சுங்கள். அப்படி வளர்ந்த மறி, அதாவது பெட்டைக் குட்டி, தான் தாயாகும்போது பால்மடியைத் தொடவிடும். மடிநோய் வந்தால் உடனே தெரிந்துவிடும். கிட்டவே வராத ஆட்டுக்கு மடி கல்லாக இறுகின பிறகுதான் நமக்குத் தெரியும்.

சிரித்த முகப் படத்தையும் கோப முகப் படத்தையும் காட்டினால் ஆடு சிரித்த முகத்தை நாடிப் போகிறது என்று லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் 2018-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். கோபத்தோடு பட்டிக்குள் போனால் ஆடுகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்குவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

தடுப்பூசி முகாம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி கட்டாயம் போட வேண்டும். ஆனால் பல இடங்களில் ஆடுகள் மேயக் கிளம்பிய பிறகுதான் மைக்கில் அறிவிக்கிறார்கள். ஊரே சேர்ந்து துரத்துகிறது. சினை ஆடு விழுந்து அடிபடுகிறது, மாதக்கணக்கில் பழக்கினது ஒரே காலையில் கெட்டுப்போகிறது. முந்தின நாள் சாயங்காலமே சொன்னால் பட்டியிலேயே அடைத்து வைத்திருப்போம். வளர்த்தவரே தாடைக்குக் கீழே கை கொடுத்து நிறுத்தினால் ஊசி சட்டென்று முடியும்.

கால்நடைத் துறையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஆடு கொடுக்கும்போது பழக்குவதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஊரில் நன்றாக ஆடு வளர்க்கும் பெண்ணையே கூப்பிட்டு, ஆட்டோடு உட்கார்ந்து செய்து காட்டச் சொல்லுங்கள். முகாம் தேதியை முந்தின நாளே அறிவியுங்கள். புது ஆட்டுக்காரர்கள் யாருக்காவது சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் நானே வரத் தயார்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் ஒரு வாசகி,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.