செயலாளர் ஆண்டறிக்கை: நெஞ்சு படபடத்தாலும் நடந்தோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வணக்கம். நமது உடற்பயிற்சிச் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை அறிக்கையாகச் சமர்ப்பிக்கிறேன்.

நிர்வாக விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். மாலையிலும் பயிற்சி வைத்தது வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவியாக இருந்தது. மீதி அறிக்கை முழுவதையும் இந்த ஆண்டு நாம் முனைந்து செய்த ஒரே வேலைக்கு ஒதுக்குகிறேன். இதயத்தைப் பற்றிய பயத்தோடு வந்தவர்களை உடற்பயிற்சிக்குப் பழக்கியதுதான் அந்த வேலை.

இவர்களில் பலருக்கு இதயத்தில் கோளாறு எதுவும் கிடையாது. ஈசிஜி எடுத்தாயிற்று, எக்கோ பார்த்தாயிற்று, டிரெட்மில்லில் நடக்கவைத்தும் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நிம்மதி ஓரிரு நாள்தான் தாங்குகிறது. அப்புறம் இடது மார்பில் சுருக்கென்றால் போதும், விரல் தானாக மணிக்கட்டில் நாடியைத் தேடுகிறது. இன்னும் சிலர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். வீட்டிலோ ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்க விடமாட்டார்கள். வந்த வழி வேறானாலும் இரு சாராருக்கும் பயம் ஒன்றுதான்: நெஞ்சு வேகமாக அடித்தால் ஏதோ ஆகிவிடும்.

இந்தத் தொல்லை நம் காலத்தில் முளைத்தது அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று வந்த வீரர்களை ஆராய்ந்து ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதினார். முதல் உலகப் போரின்போது இதே குறைகளோடு வந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் படிப்படியாகக் கடினமாகும் உடற்பயிற்சியைக் கொடுத்தார். நாம் இந்த ஆண்டு செய்ததும் ஏறக்குறைய அதேதான்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது. அது சுரந்தால் துடிப்பு ஏறுகிறது. ஏறிய துடிப்பைப் பார்த்து இன்னும் பயம் கூடுகிறது. இந்தச் சுழற்சியை டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் தெளிவாக விளக்கினார். பயத்தில் மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரத்து, மார்பு இறுகி, தலை கிறுகிறுக்கும். பார்ப்பதற்கு மாரடைப்பு மாதிரியே இருப்பதால் பயம் உறுதிப்பட்டுவிடுகிறது. பிறகு அந்த மனிதர் மாடிப்படியைத் தவிர்க்கிறார், வேகமாக நடப்பதை விடுகிறார். சில மாதத்தில் உடல் பழக்கம் விட்டுப்போய், சாதாரண வேலைக்கே நெஞ்சு படபடக்கிறது. பயம் சொன்னது சரிதான் என்று அவருக்குத் தோன்றாமல் வேறென்ன தோன்றும்?

உடற்பயிற்சி இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அதே படபடப்பு, அதே வியர்வை, அதே மூச்சிரைப்பு வருகிறது. ஆனால் இம்முறை காரணம் தெரிந்து, நாமே வரவழைத்தபடி வருகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கியும் விடுகிறது. பலமுறை இப்படி நடந்த பிறகு, வேகமான துடிப்பு ஆபத்தின் அடையாளம் இல்லை என்பதை உடலே கற்றுக்கொள்கிறது. பீதித் தாக்கம், அதாவது திடீர் திடீரென்று கடும் பயம் பிடித்துக்கொள்ளும் தொல்லை, உள்ளவர்களை வைத்து ஜெர்மனியில் நடந்து 1998இல் வெளியான 10 வார ஆய்வில், தொடர்ந்து ஓடியவர்கள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். உண்மையான மருந்து ஓட்டத்தைவிட விரைவாகவும் கூடுதலாகவும் உதவியது என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே மருந்து சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னோம், இப்போதும் சொல்கிறேன்.

டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே யாரையும் சேர்த்துக்கொண்டோம். இந்த விதியில் யாருக்கும் விலக்கு கிடையாது. நடக்கும்போது வந்து நின்றால் விலகும் மார்பு அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, உழைக்கும்போது மயங்கி விழுவது, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் என்றால் அதைப் பயம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஓய்விலும் விலகாத மார்பு வலி என்றால் நேரே அவசரச் சிகிச்சைதான்.

ஒரு காட்சியை, அந்த உறுப்பினரின் அனுமதியோடு, இங்கே பதிவு செய்கிறேன். மாடிப்படிப் பயிற்சி. முதல் மாடித் திருப்பத்திலேயே அவர் கைப்பிடியில் சாய்ந்து நின்றுவிட்டார். இடது மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரல். உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். கூட ஏறிய மூத்த உறுப்பினர் “ஒண்ணும் ஆகாதும்மா” என்று சொல்லவில்லை. “வலி ஏதும் இருக்கா? பேச முடியுதா?” என்று மட்டும் கேட்டார். “வலி இல்லண்ணா. நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்குது.” “சரி, அடிக்கட்டும். கையை மட்டும் எடுத்துடுங்க. நின்னு பார்ப்போம்.” விரல்கள் மணிக்கட்டை விட்டு விலகவே நேரம் பிடித்தது. துடிப்பு தானாக இறங்கியதும் அவர் இன்னும் சில படிகள் ஏறினார், மறுபடி நின்றார், மறுபடி ஏறினார். சில வாரங்களில் பேசிக்கொண்டே மேல் மாடி வரை போனார்.

அந்த மூத்த உறுப்பினர் ஆறுதல் சொல்லாமல் இருந்ததைத்தான் நான் இந்த ஆண்டின் பெரிய பாடமாக நினைக்கிறேன். “ஒண்ணும் ஆகாது” என்ற வார்த்தைக்குப் பழகியவர், அதைச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் மறுபடி பயப்படுவார். குடும்பத்தார் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். அக்கறையினால்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனாலும் கூடவே நடங்கள். அது அவர்களுக்கு இன்னும் பெரிய உதவி.

ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும் என்ற விதிக்குச் செயற்குழுவிலேயே எதிர்ப்பு இருந்தது. விவாதித்து, துடிப்பு இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தோம். எண்ணைப் பார்த்துப் பார்த்து நடக்கிறவருக்குக் கால் பழகினாலும் மனம் பழகுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதிலாக ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான சிரம அளவுகோலைக் கற்றுக்கொடுத்தோம். 6 என்றால் சிரமமே இல்லை. 13 என்றால் ஓரளவு கடினம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு எண் அவ்வளவாக ஏறாது, அவர்களுக்கு இந்த அளவுகோல் மிகவும் பயன்பட்டது. அதுவும் குழப்பமாக இருந்தவர்களுக்கு எளிய வழி: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

பயிற்சியைச் சட்டென்று நிறுத்தாமல் மெதுநடையில் முடிப்பதையும் கட்டாயமாக்கினோம். திடீரென்று நின்றால் இரத்தம் கால்களில் தங்கி, தலை சுற்றும். பயந்தவருக்கு அந்த ஒரு சுற்றலே போதும், அடுத்த வாரம் வரமாட்டார். துடிப்பு ஒன்று விட்டுப்போனது மாதிரி இருக்கிறது என்று நிறையப் பேர் கேட்டார்கள். பெரும்பாலும் அது விட்டுப்போவதில்லை, ஒரு துடிப்பு முந்தி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் இடைவெளி நீளுவதால் இதயத்தில் இரத்தம் கூடுதலாக நிறைந்து, அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. ஆரோக்கியமான இதயத்திலும் இது சாதாரணமாக வருவதுதான். அடிக்கடி வந்தாலோ மயக்கத்தோடு வந்தாலோ காட்டிவிடுங்கள்.

இதய நோய் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்த காலத்தில் நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் வைப்பதே வழக்கம். அவருக்குச் சிகிச்சை அளித்த பால் டட்லி வைட் நடைப்பயிற்சியையும் சைக்கிளையும் ஓயாமல் வலியுறுத்திய மருத்துவர். இன்று இதய மறுவாழ்வுச் சிகிச்சையின் மையமே உடற்பயிற்சிதான். மருத்துவமனையில் அந்தப் பயிற்சி கிடைத்தால் முதலில் அங்கே முடித்துவிட்டு நம்மிடம் வாருங்கள்.

வந்த எல்லோரும் நிலைக்கவில்லை. சிலர் நன்றாகத் தேறி, பிறகு காய்ச்சல், வேலை என்று விட்டார்கள், பயம் திரும்பியது. அவர்களை வீடு தேடிப் போய் அழைத்து வந்த உறுப்பினர்களுக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையை நாம் இலக்காக வைத்திருக்கிறோம். பயத்தோடு வருகிறவர் முதல் வாரமே அதை எட்ட வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் நடந்தாலும் வருகைப் பதிவு உண்டு.

வரும் ஆண்டில் தசை வலுப்பயிற்சியை வாரம் இருமுறை சேர்க்கவும், எல்லா உறுப்பினருக்கும் இதய இயக்க மீட்பு (சிபிஆர்) முதலுதவி கற்றுக்கொடுக்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. முதலுதவி வகுப்பு பயத்தைக் கிளறாதா என்று ஒரு உறுப்பினர் எழுத்தில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, பொதுக்குழு விவாதித்து முடிவு செய்யட்டும். பயிற்சியாளர்களுக்கும், ஊதியமின்றி ஆலோசனை தந்த மருத்துவர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்