பொங்கலுக்குக் கொண்டுவரும் சில்லுகள்

மல்லாவி

அன்பின் மச்சானுக்கு,

என் சின்னவளின் ஒற்றைக் கியர்ச் சைக்கிளுக்கென்று நீ அனுப்பிய இரண்டு சோடிச் சில்லுகளின் படங்களும் விவரங்களும் கிடைத்தன. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது ஒரு சோடியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவதாகவும், எது வேண்டும் என்பதை இந்த மாதத்துக்குள் நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது. மாஸ்ரர் இப்போதும் அதே வேம்பின் கீழ், அதே கதிரையில், அதே கதையோடுதான் இருக்கிறார். நீ வந்தால் அந்தக் கதையை உனக்கு முதலிலிருந்து சொல்வார், தப்ப முடியாது.

பாரமில்லாத சோடியைத்தான் கொண்டுவர வேண்டும் என்று நீயும் உன் மருமகள் சின்னவளும் தொலைபேசியில் ஏற்கனவே பேசி முடித்துவிட்டீர்கள் என்பதை நான் அறிவேன். முன்னுக்கு 20 கம்பி, பின்னுக்கு 24 கம்பி, தட்டையாக அடித்த கம்பிகள், உயரமான றிம் (ரயர் அமரும் வெளி வளையம்) என்று அவள் எனக்கே பாடம் நடத்துகிறாள். மாமாவும் மருமகளும் இப்படி ஒரு பக்கம் சேர்ந்தால் தகப்பன் சொல் எடுபடுவது அரிது என்றாலும், நான் சொல்வதை முழுவதும் வாசித்த பின் நீ முடிவெடு.

நீ சொல்வதில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. றிம்மிலும் ரயரிலும் உள்ள பாரம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், சைக்கிளை நிலையிலிருந்து கிளப்பும்போது அது ஏறத்தாழ இரு மடங்காகக் கணக்காகும். கியர் மாற்ற வழியில்லாத ஒற்றைக் கியர்ச் சைக்கிளில் ஒவ்வொரு கிளப்பலும் காலின் பலத்தால் மட்டுமே நடப்பதால், அந்த வேறுபாடு அங்கே நன்றாகத் தெரியும். ஆனால் உன் இரண்டு சோடிகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அரைக் கிலோ அளவுதான். அதை இரு மடங்காக்கி ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டாலும், பிள்ளையும் சைக்கிளும் புத்தகப் பையும் சேர்ந்த 65 கிலோவில் அது நூற்றுக்கு ஒன்றரைதான். ஒரே வேகத்தில் சமதரையில் ஓடத் தொடங்கிய பின் அந்த ஒன்றரையும் உணரப்படாமல் போய்விடும். எங்கள் வன்னியில் ஏறி இறங்க மலை எங்கே இருக்கிறது? குளக்கட்டுகள்தான் மேடு. இங்கே ஓடுகிறவனை வருத்துவது சோளகக் காற்று. அதை எதிர்த்து மிதிக்கும்போது சில்லின் பாரம் உதவவும் மாட்டாது, கெடுக்கவும் மாட்டாது. பக்கவாட்டில் அடித்தால் உன் உயரமான றிம்தான் அந்தக் காற்றை வாங்கி முன்சில்லைத் திருப்பப் பார்க்கும்.

இனி என்னை உண்மையில் உறுத்துகிற கம்பி விடயத்துக்கு வருகிறேன். சைக்கிள் சில்லில் எந்தக் கம்பியும் தூணைப் போல நின்று பாரம் தாங்குவதில்லை. எல்லாக் கம்பிகளும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன, பாரம் ஏறும்போது நிலத்தைப் பார்த்திருக்கும் சில கம்பிகளின் இழுவை குறைகிறது, சில்லு சுற்றி மேலே போனதும் அது மீள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இவ்வாறு தளர்ந்தும் இறுகியும்தான் கம்பி களைத்து, பெரும்பாலும் சில்லின் நடுவிலுள்ள ஹப்பின் துளைக்குள் வளைகிற இடத்தில், ஒரு நாள் முறிகிறது. கம்பி குறையக் குறைய ஒவ்வொன்றும் ஏற்கும் மாற்றம் கூடுகிறது. அதைவிட முக்கியமானது முறிந்த பின் நடப்பது. 36 கம்பிச் சில்லில் ஒன்று முறிந்தால் பக்கத்துக் கம்பிகளை றிம்மில் இறுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்திவிட்டு வீடு வந்து சேரலாம். 20 கம்பிச் சில்லில் ஒன்று முறிந்தால் றிம் அந்தப் பக்கத்தில் ஆதரவிழந்து நெளிந்து, பிறேக்கிலோ சட்டத்திலோ உரசி நின்றுவிடும்.

நிற்கிற இடம் எது என்பதை நீ ரொறன்ரோவிலிருந்து யோசித்துப் பார். சின்னவள் உயர்தர வகுப்பு முடிந்து பின்னேரம் திரும்பும் வழியில், தார் முடிந்து கிரவல் தொடங்கும் இடத்திலிருந்து எங்கள் படலை வரை இரண்டு பக்கமும் காடு. மாரியில் அந்தக் கிரவல் பள்ளம் பள்ளமாகக் கழுவப்பட்டுவிடும், கோடையில் கல் மேலெழுந்து நிற்கும். பொழுதுபட்டால் யானை வீதிக்கு வருகிறது. சென்ற கிழமை முன்வளவு வேலியையும் மூன்று வாழைகளையும் முடித்துவிட்டுப் போனது. அந்தத் துண்டு வீதியில் சில்லு நின்றுவிட்ட சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பிள்ளை தனியே நடப்பதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை, மச்சான். அவளுக்கு இதை இவ்வளவு விரிவாகச் சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளாலிக் கடலேரி தாண்டி வந்த சனத்தின் சைக்கிள்களை நீ மறந்திருக்க மாட்டாய். முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி போட்ட 28 அங்குலச் சில்லுகளின் மேல் அரிசி மூட்டை, பாய், சட்டி பானை, கரியரில் ஒரு கிழவி. இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் பிடிக்காது, பாரமோ சொல்லி மாளாது, ஆனால் எந்த மரத்தின் கீழும் ஒரு சாவியும் நாலு கம்பியும் வைத்திருந்த ஒருவர் அவற்றைத் திருத்தி அனுப்பினார். 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோது மூலைக்குள் கிடந்த அதே சைக்கிள்களைத்தான் ஊர் வெளியே எடுத்தது. உன் தட்டைக் கம்பி ஒன்று முறிந்தால் மாங்குளத்திலும் கிடைக்காது, கிளிநொச்சியிலும் கிடைக்காது. நீ அடுத்த பொங்கலுக்கு வரும் வரை சில்லு ஆணியில் தொங்கும்.

இரும்பு றிம்மை நான் கேட்கவில்லை. உன் மற்றச் சோடி இப்படி இருந்தால் அதையே கேட்கிறேன். நனைந்தாலும் பிறேக் பிடிக்கிற, இரட்டைச் சுவருள்ள அலுமினிய றிம் இரண்டு, உயரம் குறைந்தவையாக, ஒவ்வொன்றிலும் 36 துளையோடு கொண்டுவா. கம்பி சாதாரண வட்டக் கம்பி, 2 மில்லிமீற்றர், தலை வளைந்தது. பல பல்லுச்சக்கரம் ஏற்றுகிற பின்சில்லில் ஒரு பக்கக் கம்பி இறுக்கமாகவும் மறுபக்கக் கம்பி தளர்வாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு ஒன்றே ஒன்று என்பதால் இரண்டு பக்கமும் சம இழுவையில் கட்டலாம், அந்தச் சில்லு தரும் உறுதிக்கு ஈடில்லை. பின் ஹப் 120 மில்லிமீற்றர் அகலத்தில், பிறீவீலை (மிதிக்காதபோது தானாகச் சுழலும் பின் பல்லுச்சக்கரத்தை) திருகிப் பூட்டும் புரியோடு இருக்கட்டும். அந்தப் புரிக்கு இங்கத்தைக் கடையில் விற்கிற பிறீவீலே ஏறும், எட்டில் ஒரு அங்குலச் செயினும் பொருந்தும்.

இன்னும் ஒன்று, இதை நீ மறந்தால் மற்ற எல்லாம் வீண். றிம்மில் வால்வுத் துளை பெரியதாக இருக்க வேண்டும். பெரிய துளையில் ஒரு வளையம் வைத்து உங்கள் மெல்லிய வால்வையும் பூட்டலாம், சிறிய துளையில் எங்கள் ஊர் ரியூப்பின் வால்வு நுழையவே நுழையாது. ரயர் மட்டும் இங்கே சிக்கல்: ரயர் அமரும் விட்டம் எங்கள் 28 அங்குல றிம்முக்கு 635 மில்லிமீற்றர், நீ கொண்டுவருவதற்கு 622, ஒன்றின் ரயர் மற்றதற்கு ஏறாது. ஆகவே பக்கத்தில் 32-622 என்று அச்சிட்ட ரயர் நான்கு கொண்டுவா, இரண்டு பூட்டுவதற்கு, இரண்டு கைக்காவலாக. சட்டத்தின் பின் கவையை அளந்து பார்த்தேன். 32 மில்லிமீற்றர் அகல ரயர் தாராளமாகப் போகும், 35 உரசும். 23 கொண்டுவந்தால் கல்லில் றிம் அடிபடும், அதை நான் பூட்ட விடமாட்டேன்.

சின்னவளுக்குப் பதிலை நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் அப்பாவின் பிடிவாதம் என்பாள், மாமா சொன்னால் அறிவியல் என்பாள். நீ கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் திகதியைச் சொன்னால் மாங்குளம் சந்தியில் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்