சேலையில் குத்திய பதக்கம்

அன்புள்ள நடராசா,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாத நேரத்தில் வந்து பக்கத்து வீட்டில் பத்து நாள் கிடந்திருக்கிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பிசியோதெரபிக்காரன் சொல்கிறபடி நட. உன் இஷ்டத்துக்கு மாடிப்படி ஏறாதே. என் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் டேராடூனில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை ஒருநாள் டெஹ்ரி அணை பார்க்கலாம் என்று காரை எடுத்தார். வழியில் சம்பா என்று ஒரு சின்ன ஊர். இமாச்சலத்துச் சம்பா இல்லை, இது உத்தராகண்டில் இருப்பது, நாலு மலைப்பாதைகள் வந்து சேருகிற கடைவீதி. டீ குடிக்க இறங்கினால் தெருவெல்லாம் திருவிழாக் கூட்டம். வளையல் கடை, ஜிலேபி, ராட்டினம், மலைப்பூவில் செய்த ரத்தச் சிவப்புச் சர்பத். எந்தச் சாமிக்கு என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "சாமிக்கு இல்லை, கபர் சிங்குக்கு" என்றார்.

அன்று ஏப்ரல் 21. கபர் சிங் நேகி பிறந்த நாள். பக்கத்திலுள்ள மஞ்சூட் கிராமத்துப் பையன், 1895இல் பிறந்தவன். முதல் உலகப் போரில் செத்துப்போன ஒரு சிப்பாய்க்கு நூறு வருஷம் தாண்டியும் ஜிலேபி விற்கிற ஒரு மேளா! அணையை மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவனைப் பற்றித்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

டெஹ்ரி அப்போது தனி சமஸ்தானம், வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட மண்கூட இல்லை. 1913 அக்டோபரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கர்வால் ரைபிள்ஸில் சேர்ந்தான், பதினெட்டு வயது. சிப்பாய்க்கு அப்போது மாசம் 11 ரூபாய் சம்பளம். மறு வருஷமே போர் வந்துவிட்டது. அக்டோபரில் கப்பல் பிரான்ஸின் மார்செய்ல் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. மலைக்காரனுக்குக் குளிர் புதிதில்லை. ஆனால் அந்த வடபிரான்ஸ் சமவெளியில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், பதுங்கு குழியில் முழங்கால் சேற்றில் குளிர்காலம் முழுக்க நிற்க வேண்டும். அதை எந்த மலை கற்றுக்கொடுத்திருக்கும்?

1915 மார்ச் 10, நூவ் ஷப்பேல், ஜெர்மானியர் கையிலிருந்த வடபிரான்ஸ் கிராமம். காலை ஏழரைக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் முழங்கத் தொடங்கி 35 நிமிஷம் ஓயவில்லை. எட்டு ஐந்துக்குக் காலாட்படை எழுந்து ஓடியது. கபர் சிங் இருந்தது இரண்டாவது பட்டாலியனில். அவனுடைய கூட்டத்துக்குக் கையில் குண்டும் துப்பாக்கி முனையில் கத்தியும்தான். அந்தச் சமயத்தில் நல்ல கைக்குண்டுகூடக் கிடையாது, காலி ஜாம் டப்பாவில் வெடிமருந்தை அடைத்துத் திரி வைத்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

அவன் செய்தது என்னவென்று புரிய, பதுங்கு குழி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். நேர்க்கோடாகத் தோண்ட மாட்டார்கள். ஒரு குண்டு விழுந்தால் வரிசை முழுக்கச் சாகாமல் இருக்கச் சில கஜத்துக்கு ஒரு மடக்கு வைப்பார்கள். நம் பழைய தெருவில் சந்து திரும்புமே, அந்த மாதிரி. மடக்குக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறான் என்று தெரியாது. முதலில் திரும்புகிறவனுக்குத்தான் முதல் தோட்டா. பின்னால் அவனுக்குக் கொடுத்த விருதின் குறிப்பில் இருப்பது இதுதான்: ஜெர்மானியரின் பிரதான குழிக்குள் புகுந்து, ஒவ்வொரு மடக்கிலும் இவனே முதல் ஆளாகத் திரும்பி, அவர்கள் சரணடையும்வரை பின்னுக்குத் தள்ளினான். அடுத்த வரி, இந்தச் சண்டையில் இவன் கொல்லப்பட்டான். அவ்வளவுதான். இருபது வயது நிரம்ப ஆறு வாரம் இருந்தது.

ஒரு மடக்கு என்றால் ஆவேசம் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு மடக்கிலும் என்றால்? எனக்கு அந்த இடத்தில் படிப்பு நின்றுவிட்டது.

கிராமத்தை அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். அதற்கு அப்பால் நகர முடியவில்லை, 13ஆம் தேதி சண்டையை நிறுத்திக்கொண்டார்கள். இந்தியப் படையில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 4,200 பேர். கபர் சிங்குக்குக் கல்லறை கிடையாது. 1927இல் அங்கே இந்தியர்களுக்கு ஒரு நினைவிடம் கட்டினார்கள். போட்டோவில் பார்த்தேன், உச்சியில் தாமரை வைத்த உயரமான தூண், இரண்டு பக்கமும் கல்புலி, சுவரில் 4,700க்கும் மேல் பெயர்கள். அதில் ஒன்று இவனுடையது.

அவனுக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள், பிரிட்டிஷ் படையில் வீரத்துக்கான மிக உயர்ந்த விருது. இந்தியச் சிப்பாய்க்கும் அது உண்டு என்று ஆனதே 1911இல்தான். அதே படைப்பிரிவின் முதல் பட்டாலியனில் இன்னொரு நேகி, தர்வான் சிங், சில மாதம் முன்னால் அதே பதக்கத்தை வாங்கியிருந்தார். அவர் பிழைத்தவர், அதனால் கேட்க முடிந்தது. எங்கள் கர்ணபிரயாகைக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டாராம், அதுவும் வந்தது. கபர் சிங்கின் பதக்கம் அவன் மனைவி சதூரி தேவியிடம் போனது. பொன் இல்லை, வெண்கலம், சிவப்பு நாடா. அந்தம்மா அதைப் பெட்டியில் பூட்டவில்லை. கடைசிவரை சேலையில் குத்திக்கொண்டுதான் நடமாடினார், பட்டாளத்துக்காரர்கள் எதிரே வந்தால் நின்று சல்யூட் அடிப்பார்கள் என்கிறார்கள். அவர் இறந்தது 1981இல். கணக்குப் போட்டுப் பார், 66 வருஷம். அவன் பட்டாளத்தில் இருந்ததே ஒன்றரை வருஷம்தான். புல் அறுக்கப் போகும்போதும், கல்யாண வீட்டிலும், சந்தையிலும் அந்த வெண்கலத் துண்டு தோளில் ஆடிக்கொண்டே இருந்திருக்கும். எனக்கு அவனுடைய வீரத்தைவிட இதுதான் மனதில் நிற்கிறது. இதைப் பெருமை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அப்புறம் ஒரு வேலை சொல்கிறேன். நம் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு இருந்ததே, இந்த ஊரிலிருந்து 1914-1919 மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று? அதற்குக் கீழேதானே சைக்கிளைச் சாய்த்து வைப்போம். தினம் பார்த்தும் அந்த எண்ணிக்கை எனக்கு ஞாபகம் இல்லை. அதில் ஒரு பெயர்கூடக் கிடையாது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கால் சரியானதும் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தால் சுரண்டச் சொல். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று மட்டும் எழுதி அனுப்பு.

பங்கஜத்துக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமு